கல்வராயன் மலையில் கற்க வேண்டியவை

சுற்றுச்சூழல் மேலாண்மை என்பது நீர், மண், காடு, கழிவு ஆகியவற்றை அளந்து, சீர்கேட்டின் காரணம் அறிந்து, சட்டத்தின் துணையோடு காக்கும் துறையாகும். அதை மாணவர் எவ்வாறு பயில வேண்டும் என்பதற்கு, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டமும், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையும் தக்க சான்றுகளாகும்.

முதற்பாடம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது பெய்யும் மழை ஓர் ஆற்றை நோக்கி வடியும் நிலப்பரப்பு. மலையில் காடு குறைந்தால் மழைநீர் மண்ணில் ஊறாமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுவதால், அடிவாரத்துக் கோமுகி அணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறையும் என்பதை, கலங்கிய ஓடைநீரைக் கண்ணாடிக் குவளையில் தெளியவைத்து, அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தே மாணவர் உணரலாம்.

அடுத்தது கழிவு. மரவள்ளிக்கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரில் மாவுச்சத்து மிகுந்திருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீர்நிலையில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் மடிகின்றன. அதே கழிவுநீரைக் காற்றுப்புகாத கலனில் செரிக்கவைத்தாலோ எரிவாயு கிடைக்கிறது.

மூன்றாவது, மக்கள். இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்பளிக்கும் உரிமைகளையும், அதில் கிராம சபைக்குள்ள பங்கையும் மதிக்காமல் தீட்டப்படும் காட்டுப் பாதுகாப்புத் திட்டம் எதுவும் நிலைக்காது. ஆகவே, ஆய்வகத்திற்கு இணையாக மலையூர்களிலும் ஆற்றங்கரைகளிலும் களப்பணி செய்வதைப் பாடத்திட்டம் கட்டாயமாக்க வேண்டும்.