டிரெய்லருக்கும் ஆர்.சி. உண்டு

அரவைக் காலம் வந்துவிட்டால் விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துச் சாலைகளில் இரவெல்லாம் கரும்பு டிராக்டர்கள்தான். டிரெய்லரின் பக்கப் பலகையையும் தாண்டி ஆள் உயரத்துக்குக் கரும்பு. உச்சியில் வெட்டாட்கள் உறங்கியபடி வருவார்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரியாது, ரிஃப்ளெக்டரும் இருக்காது. விபத்து நடந்ததும் உரிமையாளர் டிராக்டரின் ஆர்.சி.யை மட்டும் நீட்டுவார். டிரெய்லருக்கு எங்கே என்றால், "அதுக்கு எதுக்குங்க தனியா?" இந்தப் பதிலை இன்னும் எத்தனை முறை கேட்பது!

இழுக்கத் தெம்பிருக்கிற வண்டிக்கு நிறுத்தவும் தெம்பிருக்கும் என்று நம்புவதுதான் ஆபத்து. பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும். பின்னால் வரும் பல டன் சுமை நிற்காமல் தள்ளும். கொக்கியில் மடங்கி டிராக்டரையே கவிழ்த்துவிடும். மேட்டிலோ முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை.

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையை மீறி ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ம் பிரிவு. மீறினால் 194-ம் பிரிவின்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், சுமையை இறக்கும் செலவு வேறு. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவிட்டவரும் பொறுப்பு. சர்க்கரை ஆலை வாசலில் ஒவ்வொரு லோடின் எடையும் சீட்டில் அச்சாகி வருகிறது. எவ்வளவு மீறல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஹெல்மெட் போடாதவரை மடக்குகிற அதிகாரிகள் இந்த வண்டிகளுக்கு வழிவிட்டு நிற்கிறார்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். டிராக்டர் எண்ணோடு டிரெய்லரின் எண்ணும் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் ஏஜென்டிடம் வாய்வார்த்தை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பிரீமியம் கட்டி, எண்ணைச் சேர்த்த எண்டார்ஸ்மென்ட் தாளைக் கையில் வாங்குங்கள். விவசாயப் பயன்பாட்டுக்கென்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்குச் செங்கல் ஏற்றினால் இழப்பீட்டின்போது அதுவே வினையாகும். சரக்கு வண்டியில் ஓசிப் பயணம் செய்பவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுமையின் மேல் ஆளை ஏற்றாதீர்கள்.

விபத்தில் அடிபட்டவர் குடும்பத்துக்குச் சொல்கிறேன்: எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி முதலில் எண்களைப் பாருங்கள். டிராக்டர் எண், டிரெய்லர் எண் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் அன்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். போலீஸார் 48 மணி நேரத்துக்குள் படிவம் 1-இல் முதல் விபத்து அறிக்கையை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள். லோடின் எடைச் சீட்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

இழப்பீட்டு மனுவுக்கு 166-ம் பிரிவு தரும் கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். "கேஸ் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. ஆறே மாதம்! விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். அழைக்க வேண்டிய எண் 15100.