பழைய பேப்பர் கடைக்காரர் வாங்காத பிளாஸ்டிக்

பழைய பேப்பர் கடைக்காரர் எந்தப் பிளாஸ்டிக்கை எடை போட்டு வாங்கிக்கொள்கிறார், எதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் பாட்டில், உடைந்த பக்கெட், எண்ணெய் கேன், ஷாம்பூ டப்பா, கழுவிக் காயவைத்த பால் கவர் ஆகியவற்றுக்குக் காசு உண்டு. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பூ சாஷே, சாம்பார் கட்டிவந்த மெல்லிய கவர், தெர்மாகோல் தட்டு ஆகியவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். காசு உள்ளது கைமாறிக் கைமாறி ஏதோ ஓர் ஆலைக்குப் போய் மறுபடியும் பொருளாகிறது. காசு இல்லாதது தெருவிலும் மழைநீர்க் கால்வாயிலும் குப்பைமேட்டிலும் தங்கிவிடுகிறது.

வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பலர் தப்பான முனையில் தொடங்குகிறார்கள். சமையலறை அலமாரியில் இருக்கும் டப்பாக்களை எல்லாம் கழித்துக் கட்டிவிட்டுக் கண்ணாடி ஜாடி வாங்குவது இப்போது ஒரு மோஸ்தர். பத்து வருடமாக உளுந்தும் துவரம்பருப்பும் போட்டு வைத்திருக்கும் டப்பாவால் குப்பைமேட்டுக்கு எந்தப் பாரமும் இல்லை. அதைத் தூக்கிப் போடும் நாளில்தான் அது குப்பை. நம் ஊர் ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தான். பின்னியவர் கை சரியாக இருந்தால் ஒரு தலைமுறை உழைக்கும். கவனிக்க வேண்டியவை கடையிலிருந்து வீடு வரும் பத்து நிமிடத்துக்காகவே பிறந்த உறைகள்.

எதற்கு விலை, எதற்கு இல்லை?

பாட்டிலின் அடியில் சின்ன முக்கோணமும் அதற்குள் 1 முதல் 7 வரை ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் செய்யப்படும் பெட் (PET). உருக்கி இழையாக்கினால் பாலியெஸ்டர் துணியாகும் என்பதால் இதற்கு எப்போதும் கிராக்கி. 2 என்பது ஷாம்பூ டப்பா, கேன் வகையறாவின் கெட்டியான பாலிஎத்திலீன். 4 மெல்லிய பாலிஎத்திலீன். பால் கவர் இந்த வகை. 5 பாலிபுரொப்பிலீன், ஓட்டலில் பார்சல் கட்டித்தரும் டப்பாக்களில் பல இதுதான். 6 தெர்மாகோல் இனம். 7 என்றால் மற்ற எண்கள் எதிலும் அடங்காதது, அல்லது பல சேர்ந்தது.

சிக்கல் அந்தப் ‘பல சேர்ந்ததில்’தான். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் வெள்ளிபோல் மின்னுகிறதே, அது உலோகப் பூச்சு. அதற்கு மேலும் கீழும் வேறு வேறு பிளாஸ்டிக் படலங்கள். காற்றும் ஈரமும் புகாமல் மொறுமொறுப்பு மாதக்கணக்கில் நிற்பதற்காக இவற்றை ஒட்டவைக்கிறார்கள். ஒட்டியதை மறுபடி பிரித்தெடுக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். எனவே யாரும் வாங்குவதில்லை. மெல்லிய கேரி பேகின் கதை வேறு. அது ஒரே வகைப் பிளாஸ்டிக்தான். ஆனால் ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும், அதிலும் குழம்பு ஒட்டியிருக்கும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பொறுக்குபவருக்கு அந்தக் கணக்குக் கட்டுபடியாகாது.

உலக நிலவரமும் இதேதான். 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போனது, 12 சதவீதம் எரிக்கப்பட்டது, மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ‘மறுசுழற்சிக்கு உகந்தது’ என்று உறையில் அச்சடித்திருப்பதை நம்பி நிம்மதியாக வாங்குபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

பால் கவரைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. கத்தரிக்கோலால் மூலையை வெட்டி எறிகிறோம். கவர் கடைக்குப் போய்விடும். அந்த முக்கோணத் துணுக்கு போகாது. அதை யாராலும் பொறுக்கவும் முடியாது. தெருவுக்கு நூறு வீடு, வீட்டுக்குத் தினம் இரண்டு பாக்கெட் என்று வைத்தால் வருடத்துக்கு 73,000 துணுக்குகள். மூலையை முழுவதும் அறுக்காமல் ஒரு கீற்று விட்டு வெட்டினால் துணுக்கு கவரோடேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

கடலூரில் பிறந்த சாஷே

வாங்க ஆளில்லாத பிளாஸ்டிக்கில் முதலிடம் சாஷேக்குத் தரலாம். அதன் வரலாறு நமக்கு நெருக்கமானது. இந்தியாவில் சாஷே வியாபாரத்துக்கு வழிகாட்டியவர் என்று கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனைச் சொல்வார்கள். பாட்டில் ஷாம்பூ வாங்க முடியாதவரும் அன்றன்றைய காசில் வாங்கட்டும் என்பது எண்ணம். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பூ வந்தது. 1983இல் மகன் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் ஷாம்பூ போட்டுக் குளிக்க முடிந்ததற்கு இந்தச் சின்ன பாக்கெட்தான் காரணம். அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை.

அந்த வரலாற்றில் பலர் மறந்துபோன ஒரு பகுதி உண்டு. ஐந்து காலி சாஷேயைக் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று ரங்கநாதனின் நிறுவனம் அப்போது ஒரு திட்டம் போட்டது. விற்பனைக்கான உத்திதான், சுற்றுச்சூழல் அக்கறை ஒன்றுமில்லை. ஆனாலும் காலி சாஷேக்கு விலை வைத்தபோது ஜனங்கள் அதைத் தூக்கி எறியாமல் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 2022இல் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் முறை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தபோதும் இதுவே நடந்தது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின.

உறை தயாரிக்கும், அதில் பொருள் அடைத்து விற்கும் நிறுவனங்களே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. 2022இல் அதற்கு விரிவான நெறிமுறையும் வந்தது. வீட்டுக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் விழிப்புணர்வு விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. பொறுப்பு நிறுவனங்களுடையது என்றாலும் மாதக் கணக்கில் சாமான் வாங்குகிற வசதி உள்ள வீட்டில் சாஷே சரம் தொங்குவதற்கு நியாயமில்லை. ஷாம்பூ, காபித்தூள், ஊறுகாய், துணிசோப்புத் தூள் எல்லாவற்றையும் பெரிய அளவில் வாங்கினால் காசும் மிச்சம், மூடியுள்ள டப்பாவுக்கு எடைக்கு எடை விலையும் கிடைக்கும்.

சோற்றோடு கலந்தால் எதுவும் தேறாது

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. மாட்டுக்குப் பிளாஸ்டிக் மேல் ஆசை கிடையாது. மீந்த சோறு, காய்கறித் தோல், வாழைப்பழத் தோலை நாம் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுகிறோம். மாட்டுக்கு விரல் இல்லை. வாசனை பிடித்துக் கவரோடு விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது சிக்கி, ஜீரணமும் ஆகாமல் வெளியேயும் வராமல் வருடக்கணக்கில் சேர்கிறது.

என்னைக் கேட்டால் ஒரு வீடு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் மாற்ற வேண்டியது இதைத்தான். ஈரக் குப்பையைக் கவரில் கட்டக் கூடாது. அடியில் பழைய செய்தித்தாள் விரித்த வாளியில் போட்டு, வண்டி வரும்போது அப்படியே கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக்கொள்ளலாம். மாடியிலோ கொல்லையிலோ இடமிருந்தால் ஓட்டை போட்ட மண்தொட்டியில் காய்ந்த சருகும் சமையலறைக் கழிவும் மாற்றி மாற்றிப் போட்டு உரமாக்கலாம்.

ஈரமும் உலர்வும் கலக்காத வீட்டில், விலையில்லாத பிளாஸ்டிக்குக்கும் ஒரு வழி திறக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடாக்கிய ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவி உருகிப் படியவைத்து, பிறகு தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். யாரும் சீண்டாத கேரி பேகும் தெர்மாகோலும் அதில் பயன்படும். சிமென்ட் ஆலைச் சூளைகளும் எரிபொருளாக இத்தகைய பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்கின்றன. இரண்டுக்குமே உலர்ந்த சரக்கு வேண்டும். ரசம் சொட்டும் கவரைத் துருவ முடியாது.

துணி மாதிரி, காகிதம் மாதிரி

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. எந்தத் தடிமன் கேரி பேகும் இதில் அடங்கும். சாப்பாட்டு மேசை விரிப்பு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலையில்தான் வந்தது. தடை இருந்தும் தெருக்கடைகளில் கவர் கிடைப்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

பலருக்குத் தெரியாதது, துணிப்பை என்று நினைத்து நாம் வாங்கிவரும் பல பைகளும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கின்றன என்பது. ஜவுளிக்கடையிலும் கல்யாணத் தாம்பூலத்திலும் கிடைக்கும் அந்தச் சொரசொரப்பான வண்ணப் பை நெய்யப்பட்டதல்ல. பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், பாவு நூலும் ஊடை நூலும் இருக்காது. சில மாதத்தில் அது துகள் துகளாக உதிரும். தேநீர்க் கடைக் காகிதக் கோப்பையின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். இதுவும் தடைசெய்யப்பட்டதுதான். 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி நீர் அதில் 15 நிமிடம் நின்றால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலக்கின்றன என்று 2020இல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கண்ணாடி கிளாஸில் கேட்டு வாங்கிக் குடிப்பது சுலபம். ‘மக்கும் கவர்’ என்று விற்பதிலும் எச்சரிக்கை வேண்டும். சான்று பெற்ற மக்கும் பைகள் பெரிய உரக்கூடத்தின் நீடித்த சூட்டில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. தெருவோரச் சாக்கடையில் அந்தச் சூடு ஏது?

மஞ்சள் துணிப்பையைப் பழையபடி பழக்கத்துக்குக் கொண்டுவர 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் வந்தது. நல்லதுதான். ஆனால் பருத்தி விளைவித்து, நூற்று, நெய்து, சாயமேற்ற ஆகும் செலவும் சின்னதல்ல. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், ஒரே முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று 2011இல் பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டது. கால்வாய் அடைப்பும் மாட்டின் வயிறும் அந்தக் கணக்கில் இல்லை, உண்மை. என்றாலும் விழாவுக்கு விழா இலவசமாக வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்த இருபது பைகளால் பயனில்லை. வாரம் இரண்டு தடவை சந்தைக்குப் போய்வரும் ஒரே பை ஒன்றேகால் வருடத்தில் கணக்கை நேர்செய்துவிடும். அதற்கு வாகனத்தின் பெட்டிக்குள்ளேயே ஒன்று கிடக்க வேண்டும். கதவருகே ஆணியில் மாட்டியதை மறந்துவிட்டுத்தான் பாதிப்பேர் கடைக்குப் போகிறோம்.

பை மட்டும் போதாது, பாத்திரமும் வேண்டும். இட்லி மாவு, தயிர், மீன், கறி, ஓட்டல் சாம்பார் ஆகிய ஈரச் சாமான்கள்தான் கவரைக் கேட்கின்றன. மாவுக் கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோனால் கடைக்காரருக்குக் கவர் செலவு மிச்சம், மறுக்க மாட்டார். மீனுக்கு மூடி போட்ட ஒரு டப்பாவை ஒதுக்கிவிட்டால் வீட்டாருக்கும் சங்கடமில்லை. ஓட்டலில்தான் ‘எத்தனை கரண்டி பிடிக்கும் தெரியலையே சார்’ என்று இழுப்பார்கள். இரண்டு தடவை போனால் பழகிவிடும். அதற்காகப் பழைய காலத்துப் பேப்பர் பொட்டலத்துக்குத் திரும்பவும் தேவையில்லை. அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் ஏறும் என்பதால் வடை பஜ்ஜியைச் செய்தித்தாளில் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை சொல்லியிருக்கிறது. வாழையிலை, மந்தாரை இலை கிடைக்கும் ஊரில் அவை போதும்.

எல்லாம் செய்தபிறகும் கொஞ்சம் மிஞ்சும். குழந்தைகளின் டயப்பர், சானிட்டரி நாப்கின் இரண்டிலும் பிளாஸ்டிக் உண்டு. அவற்றைக் காகிதத்தில் சுற்றி, அடையாளத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுத் தனியாகக் கொடுத்தால், வெறுங்கையால் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையைக் காக்கலாம். மிஞ்சியதை வாசலில் குவித்துக் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. பிவிசி கலந்த பிளாஸ்டிக் அரைகுறைச் சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடின. பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைப் போகிக்கு முன்பே தனியாக வாங்கிக்கொள்ள மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் ஏற்பாடு செய்துவருகிறது. வண்டி வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஈரம் படாமல் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தால் போதும்.