சூதாடியின் மூளையில் நிகழ்வது

சூதில் பொருளையெல்லாம் தோற்றவனை மனவுறுதியற்றவன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது உலக வழக்கம். ஆனால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ கிளினிக் வைத்தியர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட 11 நோயாளிகளின் விருத்தாந்தத்தைப் படித்தபின் அவ்விதம் சொல்ல எனக்கு நா எழவில்லை. பார்க்கின்சன் நோயால் அவதியுற்ற அவர்கள், மூளையில் டோபமைன் என்னும் இரசாயனத்தின் வேலையைத் தாமே ஏற்றுச் செய்யும் மருந்துகளை உட்கொண்டுவந்த காலத்தில், சூதின் மோகம் அவர்களைப் பற்றிக்கொண்டது. அவர்களுள் 9 பேர் உண்டது பிராமிபெக்சோல் என்ற ஒரே மருந்து. அதைக் குறைத்தோ நிறுத்தியோ விட்டபின் பலருக்கு அம்மோகம் வந்த வழியே போயிற்று. மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போகும் ஆசையை ஒழுக்கக்கேடு என்று எங்ஙனம் சொல்வது? இத்தகைய மருந்தை எழுதிக் கொடுக்கும் வைத்தியர், நோயாளியின் மனைவி மக்களிடமும் முன்கூட்டியே எச்சரித்து வைப்பது அவசியம். வெட்கத்தால் நோயாளி இம்மோகத்தைத் தாமாகச் சொல்லமாட்டார்.

சூதாடும்போது மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்களுள் கேம்பிரிட்ஜின் லூக் கிளார்க்கும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட பரிசோதனை என் சிந்தையை விட்டு அகலாதது. இரண்டு சக்கரங்கள் கொண்ட காசு விளையாட்டு அது. வலப்பக்கச் சக்கரம் மெள்ள வேகம் தணிந்து, வேண்டிய சித்திரத்துக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டால் காசு ஒன்றும் கிட்டாது. கேட்டால் அது கசப்பான அனுபவம் என்றே ஆடியவர்கள் சொன்னார்கள். ஆயினும் சித்திரத்தைத் தாமே தேர்ந்தெடுத்திருந்தபோது, மறுபடி ஆடவேண்டும் என்ற வேட்கை அவர்களிடம் மிகுந்தது. ஸ்கேன் இயந்திரத்திலோ, வெற்றியின்போது கிளர்ச்சியுறும் மூளையின் ஆழ்ந்த பகுதி, அந்தத் தோல்வியின்போதும் கிளர்ச்சியுற்றது தெரிந்தது. அவர்கள் சூதுக்கு அடிமையானவர்கள் அல்லர், சாதாரண மனிதர்கள் என்பதை எண்ணும்போது, சூதாட்ட இயந்திரங்களைச் சமைப்பவர்களின் சாமர்த்தியம் எனக்கு அச்சத்தையே தருகிறது. ஆனால் இப்படங்களைக் கொண்டு தனியொருவருக்குச் சூதாட்ட நோய் உண்டா இல்லையா என்று நிர்ணயித்துவிட முடியாது.

சிகிச்சையிலும் மினசோட்டாவே முன்னின்றது. அபினிக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டோருக்கு அளிக்கப்பட்டுவந்த நால்ட்ரெக்சோனை, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுக் வான் கிம் குழுவினர் சூதாடிகளிடம் பிரயோகித்து, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட மருந்து உண்டவர்களிடம் ஆட்டவெறி தணிந்ததாக 2001-இல் அறிவித்தார்கள். மூளையில் அபினி போன்றவை பற்றும் ஓபியாய்ட் வாயில்களை அடைத்து, டோபமைனின் எழுச்சியை அது மட்டுப்படுத்துகிறது என்பது விளக்கம். கல்லீரலைக் கவனித்தே கொடுக்க வேண்டிய மருந்து அது. சூதாட்ட நோய்க்கென்று அமெரிக்க அரசின் அங்கீகாரமும் அதற்கில்லை. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. குடும்பத்தில் குடிப்பழக்கம் உடையோருக்கே கூடுதலாகப் பலிக்கிறது என்பது பின்வந்த ஆராய்ச்சியின் முடிவு. ஆகவே சூதாடியைச் சோதிக்கும் வைத்தியர், அவர் தோற்ற தொகையை விசாரிப்பதோடு, அவருடைய தகப்பனார் குடித்தாரா என்பதையும் கேட்டாக வேண்டும்.