மதிப்பெண்ணுக்கும் பிழை வரம்பு உண்டு

ஒரு மெல்லிய கம்பியின் விட்டத்தைத் திருகு அளவி கொண்டு ஐந்து முறை அளந்து பாருங்கள். ஐந்து முறையும் ஒரே அளவு வராது. ஆகவேதான் செய்முறை நோட்டில் சராசரியை எழுதி, அதன் அருகே பிழையின் அளவையும் குறிக்கிறோம். தேர்வில் நாம் பெறும் மதிப்பெண்ணும் ஓர் அளவீடுதானே? அதற்குப் பிழை இல்லாமல் இருக்குமா? ஒரு புகழ்பெற்ற தேர்வை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளியும் தன் வழக்கப்படி மதிப்பெண் வழங்குகிறது. ஒரு பள்ளியின் 90-ம் இன்னொரு பள்ளியின் 90-ம் ஒன்றாகிவிடா. முழத்தால் அளந்த துணியையும் மீட்டரால் அளந்த துணியையும் ஒப்பிடுவது போன்ற தொல்லை இது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டுமென்று தோன்றியதுதான் எஸ்.ஏ.டி. தேர்வு. 1926 ஜூன் 23 அன்று முதன்முதலாக நடந்த இத்தேர்வை ஏறத்தாழ 8,000 பேர் எழுதினர். இன்று அதில் இரு பகுதிகள் உள்ளன: ஒன்று மொழி, மற்றொன்று கணிதம். ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை மதிப்பெண். மொத்தம் 400 முதல் 1600 வரை.

இனி பிழைக்கு வருவோம். ஒரே மாணவர் இத்தேர்வைப் பல முறை எழுதினால், ஒரு பகுதியில் அவரது மதிப்பெண் ஏறத்தாழ 30 கூடவோ குறையவோ செய்யும். வினாக்கள் மாறுகின்றன, மனநிலை மாறுகிறது, ஊகித்து எழுதிய விடை சில நாள் பலிக்கிறது, சில நாள் பலிப்பதில்லை. தேர்வை நடத்துவோரே இதை மறைப்பதில்லை. மதிப்பெண்ணோடு அதன் வரம்பையும் மாணவருக்குத் தெரிவிக்கிறார்கள்.

இரு பகுதிகளையும் கூட்டினால் பிழை 60 ஆகுமா? ஆகாது. ஒன்றில் கூடும்போது மற்றொன்றில் குறையவும் கூடும். எனவே பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும்: 900 + 900 = 1800; இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 42.

ஒரு மாணவி 1310-ம், ஒரு மாணவன் 1340-ம் பெற்றதாகக் கொள்வோம். இருவருக்குமாக நான்கு பகுதி மதிப்பெண்கள். ஆகவே அவர்களுடைய வேறுபாட்டிலுள்ள பிழை 3600-ன் வர்க்கமூலம், அதாவது 60. வேறுபாடோ வெறும் 30! இதைக் கொண்டு மாணவனே வல்லவன் என்று எப்படி முடிவு செய்வது? ஆனால் 1100-க்கும் 1400-க்கும் உள்ள வேறுபாடு பிழையைப் போல் ஐந்து மடங்கு. அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

திருகு அளவியில் இன்னொரு பிழையும் உண்டு, சுழிப்பிழை. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது போகாது. தேர்விலும் அப்படித்தான். நல்ல பள்ளி, பயிற்சி வகுப்பு, மீண்டும் எழுதப் பணவசதி ஆகியவை உள்ள மாணவரின் தொடக்கப் புள்ளியே வேறு. செல்வக் குடும்பத்து மாணவரின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. “காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் தணியுமா?” என்பர் தேர்வை ஆதரிப்போர். “வெப்பமானியைப் பார்த்துவிட்டு நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பலாமா?” என்று கேட்பர் எதிர்ப்போர். இரு கேள்விகளுமே நியாயமானவை.

2020-ல் கொரோனாத் தொற்றால் தேர்வுக் கூடங்கள் மூடப்பட்டபோது பல கல்லூரிகள் இத்தேர்வைக் கட்டாயமாக்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 2021-ல் மாணவர் சேர்க்கையில் இம்மதிப்பெண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. எம்.ஐ.டி. நிறுவனமோ 2022 மார்ச்சில் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே எல்லா மாணவரும் நுண்கணிதமும் இயற்பியலும் படித்தாக வேண்டும். அதற்குரிய தயாரிப்பு உண்டா என்பதைக் கணித மதிப்பெண் ஓரளவு காட்டுகிறது என்றது அந்நிறுவனம். உயர்நிலைப் பாடங்கள் இல்லாத பள்ளியில் படித்த ஏழை மாணவருக்குத் தம் திறமையைக் காட்ட இது ஒரு வழி என்றும் கூறியது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் தனியே பார்ப்பதில்லை. மாணவரின் பள்ளி, சூழ்நிலை ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்கிறது. நாம் செய்யும் சுழித்திருத்தம் போன்றதுதான் இதுவும்.

கருவி எதை அளக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் பெரிய பிழை. முதல் எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கிய உளவியல் அறிஞர் கார்ல் பிரிகாம், 1923-ல் எழுதிய நூலில், படைவீரர்களின் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு சில இனத்தவர் பிறவியிலேயே அறிவில் தாழ்ந்தவர் என்று வாதிட்டார். 1930-ல் அம்முடிவு ஆதாரமற்றது என்று அவரே கைவிட்டார். தொடக்கத்தில் தேர்வின் பெயரில் ‘இயல்திறன்’ என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. 1990-களில் அதுவும் நீக்கப்பட்டது. இன்று எஸ்.ஏ.டி. என்னும் எழுத்துகள் எதன் சுருக்கமும் அல்ல!

அடுத்த முறை உங்கள் கையில் ஒரு மதிப்பெண் பட்டியல் வரும்போது, அதை ஒரு திருகு அளவியின் அளவைப் போலப் படியுங்கள். எதை அளந்தார்கள், பிழை எவ்வளவு, சுழிப்பிழை உண்டா என்று கேளுங்கள். குறைந்திருந்தால் உழையுங்கள், ஆனால் அந்த எண்ணே நீங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

முடிவில் ஒரு சிறு கணக்கு. கணிதப் பகுதியில் மட்டும் ஒருவர் 650-ம் மற்றவர் 690-ம் பெற்றுள்ளனர். கல்லூரியில் இருப்பதோ ஒரே இடம். மதிப்பெண்ணை மட்டும் வைத்து உங்களால் முடிவு செய்ய முடியுமா? பிழையைக் கணக்கிட்டு, விடையை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.