தெரியாத வீதியில் கண்ணே துணை

பிறந்து வளர்ந்த ஊரின் வீதி நம் நினைவில் பதிந்திருக்கும். எந்த இடத்தில் மதகு இருக்கிறது, எந்த வளைவில் பூவரசம் வேலி வெளியே நீட்டி நிற்கிறது, யாருடைய மாடு இரவில் வீதியில் வந்து படுக்கும் என்பதெல்லாம் தெரியும். கண் சற்று மங்கினாலும் நினைவு அந்தக் குறையை மூடிவிடும். இடம்பெயர்ந்து வந்த ஊரில் அந்த உதவி இல்லை. அங்கே நமக்கு வழிகாட்டுவது கண் மட்டுமே. பல ஆண்டுகளின் பின் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். 2009க்குப் பின்னர் வடக்கின் பிரதான வீதிகள் பல அகலமாக்கப்பட்டு, காப்பெட் இடப்பட்டன. பழைய குழிகள் போயின, வேகம் வந்தது.

வயல் ஓரிடமும் குடியிருப்பு வேறிடமுமாக வாழும் குடும்பங்கள் வீதியில் கழிக்கும் நேரம் அதிகம். விடியுமுன் புறப்பட்டு இருண்டபின் திரும்புகிறோம். அறுவடைக் காலத்தில் நெல் மூடைகளுடன் இரவிலும் ஓடவேண்டி வருகிறது. உழவு இயந்திரத்தின் பிரேக், ரயர், எண்ணெய் எல்லாவற்றையும் பார்க்கும் நாம், அதை ஓட்டுபவரின் கண்ணைப் பற்றி நினைப்பதில்லை.

"எனக்குத் தெரியாத றோட்டோ?"

பல வீடுகளில் கேட்கக்கூடிய பேச்சு இது:

"ஐயா, இருட்டினாப் பிறகு மெசினை எடுக்காதேங்கோ. நேற்றும் மதகுக் கட்டில முட்டப் பாத்தனீங்கள்."

"முப்பது வருசம் ஓடின எனக்கு நீ சொல்லித் தாறியோ? எனக்குத் தெரியாத றோட்டோ?"

ஐயா பொய் சொல்லவில்லை. பார்வை பெரும்பாலும் ஒரே நாளில் குறைவதில்லை. சிறிது சிறிதாக மங்குவதால் மங்கியது அவருக்கே தெரிவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் கூலிக்கு உழுது பெறும் வருமானம் நின்றுவிடுமே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பார்வை மங்குவதற்கான காரணங்களில் பல சீர்செய்யக்கூடியவை. மறைத்து வைப்பதே தொழிலுக்கும் உயிருக்கும் ஆபத்து.

காணும் தூரமும் நிறுத்தும் தூரமும்

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். எதிரே ஒன்றைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குச் சுமார் ஒன்றரைச் செக்கன் செல்லும். அதற்குள் 25 மீற்றர் போய்விடும். பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு, உலர்ந்த நல்ல வீதியில் இன்னும் 20 மீற்றர் அளவு வேண்டும். மொத்தம் 45 மீற்றர். மழை ஈரத்திலும் கிறவல் வீதியிலும், மூடை ஏற்றிய பெட்டியை இழுக்கும்போதும் இது இன்னும் கூடும்.

மங்கிய முன்விளக்கு உள்ள மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு, கறுத்த மாடு ஒன்று 30 மீற்றர் தூரத்திலேதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 60இல் வந்தால் அவர் மாட்டைக் காணும்போதே காலம் கடந்துவிட்டது. 40இல் வந்தால் ஏறத்தாழ 26 மீற்றரில் நிறுத்திவிடலாம். காணும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே பாதுகாப்பான வேகம். கண் மங்கியவருக்குக் காணும் தூரம் குறைவு. ஆகவே அவருடைய வேகமும் குறையவேண்டும்.

எழுத்தை வாசித்தால் போதுமா?

வைத்தியசாலையில் கண் பரிசோதிக்கும்போது காட்டப்படும் எழுத்து அட்டையை 1862இல் ஒல்லாந்து நாட்டுக் கண் வைத்தியர் ஸ்நெலன் உருவாக்கினார். 6/12 என்று வைத்தியர் எழுதினால், நல்ல கண் 12 மீற்றரில் காண்பதை இந்தக் கண் 6 மீற்றரிலேயே காண்கிறது என்று பொருள். ஆனால் இந்த அட்டை பார்வையின் கூர்மையை மாத்திரமே அளக்கிறது. வாகனம் ஓட்டுபவருக்கு வேறு இரண்டும் தேவை.

முதலாவது பக்கப் பார்வை. ஒழுங்கையிலிருந்து ஓடிவரும் பிள்ளையை முதலில் காண்பது கண்ணின் ஓரமே. குளுக்கோமா என்ற நோய் நோவில்லாமல் இந்த ஓரப் பார்வையை மெல்ல மெல்ல அழிக்கிறது. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கக்கூடும். எழுத்து அட்டையையும் வாசித்துவிடலாம். இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதை மருந்தாலும் சிகிச்சையாலும் காக்கலாம்.

இரண்டாவது இருட்டுப் பார்வை. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் போனால் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை செல்லும். வயது ஏற ஏறக் கண்மணி சிறுக்கிறது, வில்லை மங்குகிறது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போகும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். எதிர்வரும் லொறியின் வெளிச்சத்தில் கூசிய கண் தெளிவதற்கும் முதியவருக்குக் கூடிய நேரம் வேண்டும். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கையிலை, பப்பாசிப்பழம், கரட், முட்டை ஆகியவை இதற்கு நல்ல உணவு.

நீரிழிவு உள்ளவர்கள் விசேட கவனம் எடுக்கவேண்டும். சீனி ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். விழித்திரையில் ஏற்படும் பாதிப்போ ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைப் பரிசோதிப்பது அவசியம்.

ஒரு கண் இழந்தவர்கள்

யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இழந்த பக்கத்தில் பார்வைப் பரப்புக் குறைகிறது. கிட்ட வரும் பொருளின் தூரத்தை மட்டிடுவதும் கடினமாகிறது. சந்தியிலும் திரும்பும்போதும் தலையை நன்றாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இருக்கவேண்டும். முன்னே செல்லும் வாகனத்துக்குக் கூடிய இடைவெளி விடவேண்டும். வாகனம் ஓட்டலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

யுத்தத்தில் பறந்த துண்டிலிருந்தே கண்ணுக்கு ஒரு நன்மையும் பிறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில், உடைந்த விமான மூடியின் பிளாஸ்ரிக் துண்டுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தன. கண் அவற்றை வெறுத்துத் தள்ளவில்லை என்பதை ஆங்கிலேய வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் லண்டனில், கண்புரை நீக்கிய கண்ணுக்குள் அத்தகைய பிளாஸ்ரிக்கில் செய்த வில்லையை அவர் முதன்முதலாகப் பொருத்தினார். இன்று கண்புரைக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சை அந்த வழியில் வந்ததே. ஆகவே கண்புரை என்றதும் தொழில் முடிந்தது என்று எண்ணவேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டிலேயே சோதியுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், நிற்கும் வாகனத்திலிருந்து 20 மீற்றர் தள்ளி நின்று இலக்கத்தகட்டை வாசியுங்கள். பிரித்தானியாவில் சாரதிகளுக்கு இவ்வகைச் சோதனையே வைக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் குறை இருந்தால் அப்போது தெரியும். வாசிக்க முடியாவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். வாசித்துவிட்டாலும் நோயில்லை என்று முடிவு செய்யவேண்டாம்.

2. நாற்பது வயதைக் கடந்தவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே பரிசோதனைக்குக் கட்டணமில்லை. இடப்பெயர்வில் தொலைந்த கண்ணாடிக்குப் பதிலாக அயலவரின் பழைய கண்ணாடியை வாங்கி அணியாதீர்கள். கிட்டப் பார்க்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடியுடன் வாகனம் ஓட்டுவதும் ஆபத்து.

3. எதிரே வெளிச்சம் கூசினால் வேகத்தைக் குறைத்து, வீதியின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். இரவில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

4. நாம் காண்பது போலவே நம்மைப் பிறர் காண்பதும் முக்கியம். உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறத்திலும் சைக்கிளிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புத் தகடு பொருத்துங்கள். பழுதான வாகனத்தை விளக்கில்லாமல் வீதியில் விடாதீர்கள். இரவில் நடப்பவர்கள் வெள்ளை உடை அணிந்து, ரோச் ஒன்றை வைத்திருங்கள்.

5. கண் சீராகும்வரை மாலைக்குமுன் வேலையை முடியுங்கள். இரவு ஓட்டத்தை மகனிடமோ நண்பரிடமோ விடுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்தால் எவருடைய வருமானமும் முழுதாக நிற்காது.

மாற்கு நற்செய்தியில் எரிகோ வீதியோரம் இருந்த பர்த்திமேயுவை நாம் அறிவோம். பேசாதிருக்கும்படி பலர் அதட்டியும் அவர் அடங்கவில்லை. தமக்கு வேண்டியது பார்வை என்று வெட்கப்படாமல் கேட்டார். பார்வை பெற்று அதே வழியில் நடந்தார். நமது ஐயாமாரும் அம்மாமாரும் "எனக்குக் கண் மங்குது" என்று வாய்திறந்து சொல்லட்டும். கேட்கும் பிள்ளைகள் குறைசொல்லாமல், அடுத்த கிளினிக் நாளிலேயே அவர்களைக் கூட்டிச் செல்லட்டும்.