பிரேசிலில் வேலையா? முதல் வாரமே பதிவைப் பாருங்கள்

நல்ல வேலை கிடைத்துவிட்டது என்பதற்குப் பிரேசிலில் சாதாரண மக்கள் சொல்லும் சொல் 'கார்டெய்ரா அசினாடா'. முதலாளி கையெழுத்துப் போட்ட வேலைப் புத்தகம் என்று பொருள். அந்த நீல நிறப் புத்தகம் 2019-இல் கைபேசிச் செயலிக்கு மாறிவிட்டது. சொல் அப்படியே நிலைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து போய் அங்கே உழைப்பவருக்கும் அந்தப் பதிவுதான் பாதுகாப்பின் அடித்தளம்.

வேலையில் சேர்த்த 5 வேலை நாட்களுக்குள் முதலாளி பதிவு செய்ய வேண்டும். "மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டு அப்புறம் போடுகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயிற்சிக்கால ஒப்பந்தம் அதிகபட்சம் 90 நாள். அதையும் முதல் நாளிலிருந்தே பதிய வேண்டும்.

போய் இறங்கியதும்

வேலைக்கான விசாவில் போகிறவர் நாட்டுக்குள் நுழைந்த 90 நாட்களுக்குள் கூட்டாட்சிப் போலீஸ் அலுவலகத்தில் பதிந்து, குடியேறியோருக்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் நாள் கணக்கில் அபராதம். அடுத்தது சி.பி.எஃப். என்னும் 11 இலக்க வரி எண். வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை என்று எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சம்பளச் சீட்டைப் படியுங்கள்

சம்பளச் சீட்டை வரிவரியாகப் பாருங்கள். ஐ.என்.எஸ்.எஸ். என்பது சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தம். சம்பள அடுக்குக்கு ஏற்ப 7.5 முதல் 14 சதவீதம் வரை. முதலாளி பயணப்படி கொடுத்தால் அதற்காக அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவீதம் வரை பிடிக்கலாம். எஃப்.ஜி.டி.எஸ். என்னும் சேமிப்பு நிதி வேறு. சம்பளத்தின் 8 சதவீதத்தை முதலாளி தன் கையிலிருந்து உங்கள் பெயரில் போட வேண்டும். அது பிடித்தங்களின் வரிசையில் வந்திருந்தால், உங்கள் பணத்தையே எடுத்து உங்களுக்குப் போடுகிறார்கள் என்று பொருள். சீட்டில் தொகை இருந்தாலும் பணம் கணக்கில் விழுந்ததா என்பதை அந்த நிதியின் செயலியில் மாதாமாதம் சரிபாருங்கள்.

வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் குறைந்தது 50 சதவீதம் கூடுதல் கூலி. ஓராண்டு முடிந்தால் 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு; அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மேற்கொண்டு கிடைக்கும். 13-ஆவது மாதச் சம்பளம் நவம்பர் 30, டிசம்பர் 20 என்ற கெடுக்களுக்குள் இரண்டு தவணையாக வர வேண்டும். காரணமின்றி வேலையை விட்டு எடுத்தால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், சேமிப்பு நிதியில் முதலாளி போட்ட தொகையின் 40 சதவீத இழப்பீடும் உண்டு. கணக்கை 10 நாளில் தீர்க்க வேண்டும்.

ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது?

படித்தவர்களை மடக்கும் வலைக்கு அங்கே 'பெஜோட்டா' என்று பெயர். "உங்கள் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி மாதாமாதம் பில் கொடுங்கள், கைக்கு அதிகம் வரும்" என்பார்கள். அந்த ஏற்பாட்டில் விடுப்பு, 13-ஆவது சம்பளம், சேமிப்பு நிதி எல்லாமே போய்விடும். ஆனால் நேரம் குறித்து, மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டு, அன்றாடம் உழைத்திருந்தால், அது உண்மையில் வேலை உறவுதான் என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்காடலாம்.

ஏழைகளுக்கு வலை இன்னும் கொடியது. சாவோ பாவுலோ நகரின் பிராஸ், போம் ரெட்டிரோ பகுதிகளின் தையல் கூடங்களில் பொலிவியாவிலிருந்து வந்த குடும்பங்கள் தைக்கும் இடத்திலேயே உண்டு உறங்கி, பயணச் செலவுக் கடனைக் கழிக்க உழைத்த அவலம் சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. கடனைக் காட்டியோ பாஸ்போர்ட்டைப் பறித்தோ ஒருவரை வேலையிடத்தில் முடக்குவது பிரேசில் குற்றவியல் சட்டத்தின் 149-ஆம் பிரிவின்படி அடிமை நிலைக்கு ஒப்பான குற்றம். தண்டனை 2 முதல் 8 ஆண்டு சிறை.

பேப்பர் இல்லாதவருக்கும் உரிமை உண்டு

"போலீஸில் சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் 4-ஆம் பிரிவிலேயே தெளிவாகச் சொல்கிறது: தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், நீதிமன்றத்தை நாடுதல் ஆகியவற்றில் குடியேற்ற நிலையைக் காட்டிப் பாகுபாடு கூடாது. அடிமை வேலைக்கோ ஆள்கடத்தலுக்கோ ஆளானவர் அங்கேயே தங்க அனுமதி கேட்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. உடம்பு சரியில்லை என்றால் சுஸ் என்னும் அரசு மருத்துவ அமைப்பில் இலவச சிகிச்சை கிடைக்கும்.

யாரிடம் போவது?

வேலையை விட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 5 ஆண்டுப் பாக்கியைத்தான் கேட்க முடியும். முதல் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். கையில் காசில்லாதவருக்குக் கூட்டாட்சி அரசின் பொது வழக்கறிஞர் அலுவலகம் இலவசமாக உதவும். மனித உரிமை மீறலைப் புகார் செய்ய 100 என்ற எண். இந்தியர்கள் பிரசிலியாவில் உள்ள தூதரகத்தையும் சாவோ பாவுலோ துணைத் தூதரகத்தையும் அணுகலாம். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

இங்கிருந்து கிளம்புகிறவர்கள் முகவரின் அரசுப் பதிவைச் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, அதற்கான ஜி.எஸ்.டி. மட்டுமே. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசிய ஒப்பந்தத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே வேலைப் புத்தகச் செயலியைத் திறந்து நான்கு விவரங்களைச் சரிபாருங்கள்: முதலாளியின் பெயர், சேர்ந்த தேதி, பதவி, சம்பளம். எல்லாம் சரியாக இருந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து ஊரிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். நாளைக்கு உங்கள் கைபேசியே பறிபோனாலும் அந்தச் சாட்சி பறிபோகாது.