ஒரு கட்டைவிரலும் ஓர் ஒப்பந்தமும்

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இரண்டு கட்சிகள் உண்டு. 'அமெரிக்காவை நம்பலாம்' என்பது ஒன்று. 'நம்பினா நாமம்தான்' என்பது மற்றொன்று. இரண்டாவது கட்சிக்குத் தலைவர் எங்கள் ஹெட்கிளார்க். போன வாரம் மூன்றரை மணி டீயின்போது திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், பெரிய நாட்டோட ராணுவ ஒப்பந்தம் போட்டா சின்ன நாட்டுக்கு என்னதான் கிடைக்கும்?"

பிலிப்பைன்ஸ் கதையைச் சொன்னேன். டீ ஆறிப் போச்சு. பரவாயில்லை, உங்களுக்கும் சொல்கிறேன்.

1898-ல் ஸ்பெயினிடமிருந்து 2 கோடி டாலர் கொடுத்து அந்தத் தீவுகளை எடுத்துக்கொண்டது அமெரிக்கா. சுதந்திரம் கொடுத்தது 1946-ல். கொடுத்த கையோடு, மறு வருஷமே ஒரு பத்திரத்தை நீட்டியது. ராணுவத் தளங்கள் வேண்டும். எத்தனை வருஷத்துக்கு? 99! வீட்டைக் காலி பண்ணிவிட்டு, மாடி ரூம் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போன மாதிரி. 1966-ல் பேசிப் பேசி இதை 25 வருஷமாகக் குறைத்தார்கள். கெடு 1991 செப்டம்பர் 16.

நடுவே 1951-ல் இன்னொரு பத்திரம். பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். கதைக்கு ஜீவன் இதுதான். பின்னால் வருகிறேன்.

தளங்களில் பெரியவை இரண்டு. விமானங்களுக்கு க்ளார்க், கப்பல்களுக்கு சூபிக். 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்து க்ளார்க் தளத்தைச் சாம்பலால் மூடியது. 'க்ளார்க் வேண்டாம், சூபிக் மட்டும் இன்னும் 10 வருஷம் கொடுங்கள், வருஷத்துக்கு 20 கோடியே 30 லட்சம் டாலர் தருகிறோம்' என்றது அமெரிக்கா. (இதை வாடகை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். உதவி என்று சொல்ல வேண்டும்!) அதிபர் கொரஸோன் அக்கினோ, 'தரலாம்' என்று ஆதரவு ஊர்வலத்துக்கே தலைமை தாங்கினார். ஆனால் அரசியல் சட்டப்படி செனட் சம்மதிக்க வேண்டும்.

ஓட்டெடுப்பு. 11 பேர் 'சரி'. 12 பேர் 'முடியாது'. அந்தப் பன்னிரண்டில் ஒருவர் செனட் தலைவர் ஹோவிதோ ஸலோங்கா. 1971-ல் ஒரு தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டில் ஒரு கண் பார்வையை இழந்தவர். அந்த ஒற்றைக் கண்ணோடு உலகத்தின் பெரிய வல்லரசைப் பார்த்து 'போய் வாருங்கள்' என்றார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டால், அந்தப் பன்னிரண்டு பேர் பக்கம்தான். அன்றைக்கு நான் செனட்டராக இருந்திருந்தால் பதின்மூன்றாவது ஓட்டும் விழுந்திருக்கும். ஆனால் தளத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை எண்ணினால் அவ்வளவு வீரமாகச் சொல்ல வரவில்லை. சூபிக்கை ஒட்டிய ஒலோங்காப்போ நகரம் மொத்தமும் அந்தக் கப்பல்களை நம்பித்தான் அடுப்பு மூட்டியது.

1992 நவம்பர் 24. சூபிக்கிலிருந்து கடைசி அமெரிக்கக் கப்பல் கிளம்பியது.

1995-ல் பலவான் தீவிலிருந்து சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள ஒரு பவழத்திட்டில் கொட்டகைகள் முளைத்திருந்தன. போட்டவர்கள் சீனர்கள். 'எங்கள் மீனவர்கள் ஒதுங்க' என்றார்கள். 'திட்டு யாருடையது என்பதில் எங்களுக்குக் கருத்து கிடையாது' என்றது அமெரிக்கா. குடியிருந்தவரைக் காலி பண்ண வைத்தோம், திருடன் வந்தபோது கூப்பிட்டால் 'எல்லைக்கல் எங்கே?' என்று கேட்கிறார் என்ற நிலைமை.

பிலிப்பைன்ஸ் என்ன செய்தது தெரியுமா? 1999-ல் பழைய கப்பல் ஒன்றைப் பக்கத்துத் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது! பெயர் ஸியர்ரா மாத்ரே. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் கட்டி, வியட்நாம் போரைப் பார்த்து, கடைசியில் இவர்கள் கைக்கு வந்தது. துருவேறிய அந்தக் கப்பலில் ஒரு சின்னப் படையை உட்கார வைத்து, 'இது எங்கள் இடம்' என்றார்கள். நம்மூரில் புறம்போக்கில் குடிசை போடுவோமே, அதே டெக்னிக்.

அதே 1999-ல், அமெரிக்கப் படைகள் வந்து போக வகை செய்யும் புதிய ஒப்பந்தத்துக்கு செனட் சம்மதம் கொடுத்தது. அப்போது அதிபர் ஜோசப் எஸ்த்ராதா. எட்டு வருஷம் முன்பு 'முடியாது' என்று ஓட்டுப் போட்ட பன்னிரண்டில் ஒருவர்! அரசியலில் இதெல்லாம் சகஜம் என்பீர்கள். எனக்கென்னவோ அந்தக் கொட்டகைகள்தான் அவர் மனசை மாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

பிறகு 2014-ல் இன்னொரு ஒப்பந்தம். தளம் என்ற வார்த்தையே கிடையாது. 'ஒத்துக்கொண்ட இடங்கள்'. 2020-ல் அதிபர் துதெர்த்தே, தன் ஆள் ஒருவரின் விசாவை அமெரிக்கா ரத்து செய்ததும் 1999 ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வதாக நோட்டீஸ் விட்டார். 2021-ல் வாபஸ். 2023-ல் 'இடங்கள்' ஐந்திலிருந்து ஒன்பது ஆயின.

இப்போது அந்த 1951 பத்திரம். 'பசிபிக் பகுதியில் ஆயுதத் தாக்குதல் நடந்தால், அவரவர் அரசியல் சட்ட நடைமுறைப்படி செயல்படுவோம்' என்கிறது. உடனே ஓடி வருவேன் என்று எங்கும் இல்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சான், 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்பாரே, அது!

2024 ஜூன் 17. துருப்பிடித்த அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்குச் சாமான் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படையினர் சூழ்ந்துகொண்டார்கள். கையில் கத்தி, கோடாலி. நடந்த கலாட்டாவில் ஒரு பிலிப்பைன்ஸ் சிப்பாயின் வலது கட்டைவிரல் போயிற்று. சில வாரம் முன்புதான் அதிபர் மார்க்கோஸ் சிங்கப்பூரில், 'எங்கள் ஆள் ஒருவர் வேண்டுமென்றே கொல்லப்பட்டால் அது போருக்கு மிக நெருக்கம்' என்று பேசியிருந்தார். உயிர் போனால் சரி, விரல் போனால்? முதலில் மணிலாவில் ஒரு பெரிய அதிகாரி 'தவறான புரிதலாக இருக்கலாம்' என்றார். பாதுகாப்பு மந்திரி 'இல்லை, வேண்டுமென்றே செய்தது' என்றார். அதிபரோ, 'வேண்டுமென்றே செய்ததுதான், ஆனால் ஆயுதத் தாக்குதல் அல்ல' என்று முடித்தார். பத்திரம் பீரோவிலேயே இருந்தது.

"ஏகலைவன் கதை சார்" என்றார் ஹெட்கிளார்க்.

"அவன் குருதட்சிணையா தானே அறுத்துக் கொடுத்தான். இவன் கேட்டா கொடுத்தான்?" என்றேன்.

ஜூலையில் மணிலாவும் பெய்ஜிங்கும் தனியாகப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே கப்பலுக்குச் சாமான் போய்ச் சேர்ந்தது.